சுயகற்றல் வகுப்பில் ஆப்சென்ட்

போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடிக்கிற வெயிலில் அது ஒரு தண்டனை. இருந்தாலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் திருவள்ளூருக்குத் திரும்பி வந்ததும் அதைச் சுருட்டி பீரோவுக்குள் எறிந்தேன். எறிந்த வேகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர், "என்ன ஆச்சு, சாப்பாடு சரியில்லையா?" என்று கேட்டார்.

சாப்பாடு பிரமாதம். மத்ததுதான் சரியில்லை.

ஆறப்போட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்... கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டி பக்கம், ஹைவேயை ஒட்டி இருக்கிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி அது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால், 'ஓ, அங்கேதானா' என்று மற்ற கல்லூரிகள் எல்லாம் நிம்மதியாகக் காபி குடிக்கும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் கோபத்தை மட்டும் மாற்றவில்லை.

அங்கிருந்து போன் வந்தது. "மேடம், எங்க ஆசிரியர்களை மதிப்பீடு பண்றோம். ஸ்டூடண்ட்ஸ் தாங்களாவே தேடிப் படிக்கிறதுக்கு டீச்சர்ஸ் எவ்வளவு ஆதரவு தர்றாங்கன்னு பார்க்கணும். கமிட்டியில வெளியாள் ஒருத்தர் வேணும். வாரா வாரம் பத்தி எழுதுறவங்க நீங்க, வந்தா எங்களுக்குப் பெருமை."

எனக்கும் மருத்துவத்துக்கும் இருக்கிற ஒரே உறவு, காலையில் போடுகிற பிரஷர் மாத்திரை. அதைச் சொன்னேன். "அதனாலதான் மேடம், பொதுமக்கள் சார்பா" என்றார்கள். சரிதான், நாளைக்கு இந்தப் பிள்ளைகள் கையில்தானே என் பிரஷர்? ஒப்புக்கொண்டேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இப்போது எம்.பி.பி.எஸ். படிப்பில் 'செல்ஃப் டைரக்டட் லேர்னிங்' என்று தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள். தமிழில் சுயகற்றல். அந்த நேரத்தில் ஆசிரியர் பாடம் நடத்தக் கூடாது. மாணவரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்திலோ வார்டிலோ வெளியிலோ தேடி, விடையை நோக்கிப் போக வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருந்து வழிகாட்ட வேண்டும். ஏன்? ஒரு டாக்டர் படித்து முடித்த பிறகும் ஆயுசு முழுக்க வேலை பார்க்கப்போகிறார். புது நோய் வரும், புது மருந்து வரும். அப்போது பக்கத்தில் வாத்தியார் நிற்க மாட்டார். தானாகத் தேடத் தெரியாத டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? நான் போக மாட்டேன்.

எவ்வளவு அருமையான யோசனை! யார் யோசித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் நிச்சயமாக இந்தக் கல்லூரிக்கு வந்ததில்லை.

ஆடி மாதம். பெரியபாளையத்தில் அம்மன் கோயில் கூட்டத்தில் கார் நகரவே இல்லை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது பெரிய ஹாலில் மூன்றாம் வருட மாணவர்கள் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். பொன்னாடை முடிந்தது. திரையில் ஒரு கியூஆர் கோடு. பிள்ளைகள் செல்போனில் அதை ஸ்கேன் செய்து, தங்கள் ஆசிரியர்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். உள்ளே நுழைய அவரவர் ரோல் நம்பரை அடிக்க வேண்டும். ஆமாம், ரோல் நம்பரை. பக்கத்தில் இருந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். "யாரு என்ன போட்டாங்கன்னு தெரியணும்ல மேடம்" என்றார். எதற்குத் தெரிய வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மதிப்பிடப்படுகிற ஆசிரியர்கள் வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார்கள். சமூக மருத்துவத் துறையின் தலைவர், நரைத்த மீசைக்காரர், மைக்கே இல்லாமல் கணீரென்று பேசுகிறவர், உற்சாகமாகச் சொன்னார்: "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு சீக்கிரம் கிளம்புங்கப்பா. பஸ் நிக்குது."

பிள்ளைகள் போட்டார்கள். கட்டைவிரல்கள் பறந்தன. கேள்விகளை யாராவது படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு பெண் மட்டும் படித்திருக்கிறாள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் எழுந்து நின்றாள். ஒல்லியான பெண். குரலில் நடுக்கம் இருந்தது, ஆனால் உட்காரவில்லை.

"சார், ஒரு டவுட்டு."

"சொல்லும்மா."

"'நானே தேடிப் படிக்க என் ஆசிரியர் நேரம் தருகிறார்'னு நாலாவது கேள்வி இருக்கு சார். நான் தேடப் போன நேரத்துக்குத்தான் எனக்கு ஆப்சென்ட் போட்டீங்க. இதுக்கு இன்னா சார் போடணும்?"

ஹாலில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அஞ்சு போட்டுட்டு, அப்புறமா என் ரூமுக்கு வா" என்றார்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்து, வராண்டாவில் அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டேன்.

அவள் பெயர் எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டிக்காரி. அப்பா இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். அரசுப் பள்ளியில் படித்து, ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, அந்தத் தெருவிலிருந்து முதல் டாக்டராகப் போகிறவள்.

"இன்னா நடந்துச்சுன்னா மேடம்..." என்று ஆரம்பித்தாள். மெதுவாக, சுற்றிலும் பார்த்துக்கொண்டே.

கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் வயிற்று வலி என்று வந்து சேர்ந்திருக்கிறார். அல்சராக இருக்கும் என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மறுபடி வந்தார். அதே வலி, அதே மருந்து. பிறகு இன்னொருவர். அவருக்கும் அப்படியே. இருவரும் ஒரே தெரு என்பதை எஸ்தர் கவனித்திருக்கிறாள். எப்படிக் கவனித்தாள் என்றால், அது அவள் அத்தை வீட்டுக்கு அடுத்த தெரு.

"அங்க பழைய பேட்டரி ஒடைக்கிற ஷெட்டு ஒண்ணு கீது மேடம். ரெண்டு பேரும் அங்கதான் வேலை. பேட்டரின்னா ஈயம் இல்லையா? ஈயம் ஒடம்புல ஏறினா வவுறு வலிக்கும்னு நாங்க படிச்சிக்கிறோம். அதான், இன்னும் யாருக்காச்சும் இப்டி இருக்குதான்னு கேட்டுக்கினு வரலாம்னு போனேன். செல்ஃப் டைரக்டட் லேர்னிங் பீரியட்லதான் போனேன். ஒரே நாள் இல்ல, நாலஞ்சு தடவை போனேன். ஜனங்க முதல்ல பேசவே மாட்டேன்னுட்டாங்க. ஷெட்டு மூடிட்டா வேலை போயிடும்னு பயம்."

"அந்த நேரத்தில் ஹாலில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்?"

"ஒக்காந்திருப்பாங்க மேடம். ஆப்ல மூஞ்சிய காட்டி அட்டெண்டன்ஸ் போட்டு, கதவை சாத்திருவாங்க. சார் ஸ்கிரீன்ல பிபிடி ஸ்லைடு போட்டு பாடம் நடத்துவாரு."

"சுயகற்றல் நேரத்தில் பிபிடியா?"

"ஆமா மேடம். மொத ஸ்லைடுல 'செல்ஃப் டைரக்டட் லேர்னிங்'னு எழுதியிருக்கும்."

நான் வராண்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எஸ்தர் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கிற நிலைமையில் இல்லை. அந்த நேரங்களுக்கெல்லாம் ஆப்சென்ட் விழுந்து, சமூக மருத்துவத்தில் அவளுக்கு வருகைப்பதிவு குறைந்துவிட்டது. ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பரீட்சையை விட்டால் ஆறு மாதம் பின்னால் போகும், கூடப் படித்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அப்பாவை அன்று மூன்று மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

துறையின் பெயரை இன்னொரு தடவை படியுங்கள். சமூக மருத்துவம். சமூகத்துக்குள் போய்விட்டு வந்ததற்காக, சமூக மருத்துவத்தில் ஆப்சென்ட்!

"தனியாகவா போனாய்? யார்கிட்டேயும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

தயங்கினாள். "ஷர்மிளா மேடம்கிட்ட சொன்னேன். எங்க அசிஸ்டென்ட் புரொஃபசர். 'சூப்பர் கேள்விம்மா, போய்ப் பாரு, நான் இருக்கேன்'னாங்க. ஆனா நீங்க அவங்க பேரை உள்ள சொல்லிடாதீங்க மேடம். பாவம், அவங்களுக்குப் பேஜாராயிடும்."

அவளுக்கே ஹால் டிக்கெட் இல்லை. அந்த நிலையில் இந்தக் கவலை. இருபது வயசுக்கு இவ்வளவு பெருந்தன்மை எதற்கு என்று எனக்கு எரிச்சலே வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி உட்கார்ந்தது. துறைத் தலைவர், வேறு இரண்டு துறைகளிலிருந்து பேராசிரியர்கள், நான். குறிப்பெடுக்க லேப்டாப்போடு ஓர் இளம் டாக்டர். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் பார்த்தேன். ஷர்மிளா.

மதிப்பெண்கள் கூட்டப்பட்டு, 'மிக நன்று' என்று வந்திருந்தது. வராமல் எங்கே போகும்?

நான் எஸ்தர் விஷயத்தை எடுத்தேன். துறைத் தலைவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

"மேடம், ரூல்னு ஒண்ணு இருக்கு. கம்யூனிட்டிக்குப் போகணும்னா அதுக்குத் தனி போஸ்டிங் இருக்கு. அது போன வருஷமே முடிஞ்சுடுச்சு."

"கேள்வி இந்த வருஷம்தானே சார் வந்தது?"

"பொண்ணு தனியா ஷெட்டு, தொழிற்பேட்டைன்னு சுத்துது. ஏதாவது ஆனா நீங்களா பதில் சொல்வீங்க? நாங்கதான் சொல்லணும்."

இதில் நியாயம் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. பெண் பிள்ளையை வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்தப் பயம் புரியும். "அப்படின்னா கூட ஒரு ஆசிரியரை அனுப்பியிருக்கலாமே சார்? அதுக்குப் பேர்தானே ஆதரவு?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கேள்வி வந்தா, ஒவ்வொரு டீச்சரை அனுப்ப முடியுமா மேடம்?"

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கேள்வி வந்தால் இந்த நாடு உருப்பட்டுவிடுமே ஐயா! அந்த ஹால் முழுக்க இருந்தவர்களில் ஒருத்திக்குத்தான் கேள்வி வந்தது. அவளைத்தான் இவர்கள் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

"அவள் சொன்னது சரியா, தப்பா? அந்த ஆட்களுக்கு ரத்தம் எடுத்து ஈயம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்றேன்.

"அது மெடிசின் டிபார்ட்மெண்ட் வேலை மேடம்." மெடிசின்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் தட்டில் மிச்சமிருந்த பாதுஷாவைப் பார்த்தார்.

அவள் நினைத்தது சரியா, தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தப்பாகவும் இருக்கலாம். வெறும் அல்சராகவே இருக்கலாம். மாணவிதானே, தப்பாக யோசிக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து, 'இங்கே சரி, இங்கே இடறுகிறாய்' என்று சொல்வதற்குத்தானே ஆசிரியர்? யாரும் சொல்லவில்லை. கேள்வி அப்படியே கிடக்கிறது. அந்த ஆட்களும் வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு ஒரு பட்டம் தயாராக இருக்கும். அதிகப்பிரசங்கி. ஒன்றாம் வகுப்பில் கொடுத்துவிடுவார்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும். அதையும் மீறி ஒரு பெண் மருத்துவக் கல்லூரி வரைக்கும் கேள்வியோடு வந்து சேர்ந்தால், அங்கே முகத்தைக் காட்டு, கதவைச் சாத்து, ஸ்லைடைப் பார். பிறகு இதே பிள்ளைகள் டாக்டராகி, அல்சர் மருந்தையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்கிறார்கள் என்று நாம் வேறு புலம்புகிறோம்... அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

"அந்தப் பெண் யாரையும் கேட்காமலா போனாள்? ஆசிரியர் யாருமே 'போய்ப் பார்' என்று சொல்லவில்லையா?" என்று பொதுவாகக் கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன். ஆனால் என் கண் லேப்டாப் பக்கம் இருந்தது.

டாக்டர் ஷர்மிளா தலை நிமிரவில்லை. என் கேள்வியையும் டைப் செய்தார்.

அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கமிட்டியில் எதிர்ப்புத் தெரிவிக்கிறேன். பெரிய பரபரப்பு கிளம்பும் என்று நினைத்தேன். "பரவாயில்ல மேடம், நீங்க இல்லாமலே மெஜாரிட்டி இருக்கு" என்றார் துறைத் தலைவர். டீயில் சர்க்கரை போடலாமா என்றும் விசாரித்தார்.

வெளியே மாடிப்படி அருகில் டாக்டர் ஷர்மிளா என் பின்னாலேயே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேடம், எஸ்தர் உங்ககிட்ட சொல்லிட்டாளா?"

"சொன்னாள். உங்க பேரைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்."

"நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன் மேடம். அடுத்த மாசம் ரினியூவல். நான்தான் போகச் சொன்னேன்னு தெரிஞ்சா... வீட்டுக்காரருக்கும் இப்ப வேலை இல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ ரொம்ப நல்ல ஸ்டூடண்ட் மேடம்."

அவர் மேல் கோபம் வரவில்லை என்று எழுத ஆசைதான். புரிந்துகொண்டேன் என்று எழுதினால் நானும் பெரிய மனுஷி ஆகிவிடலாம். ஆனால் வந்தது. துறைத் தலைவர் மேல் வந்ததைவிட அதிகமாகவே வந்தது. அவர் சுயகற்றல் என்றால் என்ன என்றே தெரியாதவர். இவர் தெரிந்தவர். 'நான் இருக்கேன்' என்று சொன்னவர். அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் ஒரு பெண் வெயிலில் சந்து சந்தாக நடந்திருக்கிறாள்.

"நீங்க உள்ளே போய் 'நான்தான் அனுப்பினேன்' என்று சொன்னால், ஆப்சென்ட் பிரசென்ட் ஆகிவிடுமா?" என்று கேட்டேன்.

"ஆயிடும் மேடம்" என்றார். அவ்வளவுதான். அங்கேயே நின்றார்.

இந்த மதிப்பீட்டுக் கேள்விகளை யார் தயாரிக்கிறார்களோ, அவர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள். 'ஊக்கப்படுத்துகிறாரா, வழிகாட்டுகிறாரா' என்றெல்லாம் கேட்டது போதும். ஊக்கப்படுத்த வாய் போதும். மாணவர் தேடப் போய் மாட்டிக்கொண்டபோது இந்த ஆசிரியர் எங்கே நின்றார் என்று கேளுங்கள். ஐந்துக்கு எத்தனை விழுகிறது என்று அப்புறம் பார்க்கலாம்.

மூன்று மணிக்கு எஸ்தரின் அப்பா வந்தார். தொழிற்சாலை யூனிஃபார்மோடு, ஷிப்ட் பாதியில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். துறைத் தலைவர் அறைக்குள் கூப்பிட்டு, ஏதோ பேசி, ஒரு தாளைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். தகப்பனும் மகளும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஹால் டிக்கெட் கிடைக்குமாம்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எஸ்தர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்த என்னிடம் நீட்டினார்.

"மேடம், இன்னா எழுதிக்கீறாங்க இதுல? இந்தப் பொண்ணக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்னுது. கொஞ்சம் படிச்சி சொல்லுங்கோ."

படித்தேன். ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை படித்தேன். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். 'சுயகற்றல் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, அனுமதி இல்லாமல் நானாகவே வெளியே சென்று தகவல் தேடியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி இப்படிச் செய்ய மாட்டேன்.'

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று தெரிந்துகொண்டார்.

"கத்துக்கப் போனதுக்கா மேடம் மன்னிப்பு?"

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"கையெழுத்து போட்டா பரீட்சை எழுத உடுவாங்க இல்ல?"

"விடுவாங்க."

"அப்ப போட்டுர்றேன்." மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா எஸ்தரு, அந்த ஆளுங்களுக்கு இப்ப வவுத்து வலி எப்டிக்கீது? போயிடுச்சா?"

"இல்ல நைனா" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் அந்த ஆட்களின் வலியைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான்.

அவர் சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை. எஸ்தரின் பை ஹாலுக்குள்ளேயே இருந்தது. நான் என் கைப்பையைத் துழாவினேன். அதற்குள் அறையிலிருந்து டாக்டர் ஷர்மிளா வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். தாளைப் பார்த்தார். எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இப்போதாவது திரும்பி உள்ளே போய்ச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

வெள்ளைக் கோட்டிலிருந்து பேனாவை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். பிறகு திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட நிற்காமல் வேகமாகப் படி இறங்கிப் போனார்.

மாணவரின் சுயகற்றலுக்கு ஆசிரியர் தரும் ஆதரவு என்று அன்றைக்கு என் கண்ணால் பார்த்தது... அந்தப் பேனா ஒன்றைத்தான்.